‘சைனஸ் தலைவலி’ என்று எழுதுவதற்கு முன்

எனக்குப் பாடம் சொன்னவர்கள் முன்வரிசையில் இருக்க, நான் தலைமை உரை ஆற்றுவது பெரும் பேறு. கொஞ்சம் பதற்றமாகவும் இருக்கிறது.

‘பருவகால ஒவ்வாமையும் நாள்பட்ட வலியும்’ என்பது இம்மாநாட்டின் பொருள். மூக்கடைப்பு தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் வலி கூடும், மாஸ்ட் செல் உமிழும் ஹிஸ்டமினும் டிரிப்டேஸும் பக்கத்து வலி நரம்புகளைக் கிளறும். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. மூட்டுவலி, ஃபைப்ரோமயால்ஜியா பற்றி நாளை பேச வல்லவர்கள் வந்திருக்கிறார்கள். நான் தலைவலியோடு நின்றுகொள்கிறேன்.

மழைக்குப் பின் பார்த்தீனியம் பூத்துக் கிடக்கும் நாட்களில் நம்மிடம் வருகிறவரை எண்ணிப் பாருங்கள். தும்மல், கண் அரிப்பு, நெற்றியிலும் கன்னத்திலும் கனம். சீட்டில் ‘சைனஸ் தலைவலி’ என்று எழுதிவிடுகிறோம். 2004இல் ஷ்ரைபர் குழுவினர், அப்படிச் சொல்லப்பட்ட 2,991 பேரை ஆராய்ந்தார்கள். கிருமித்தொற்றின் அறிகுறி இல்லாதவர்கள் அவர்கள். 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை.

இதை முன்பொரு கருத்தரங்கில் நான் சொன்னபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், “மூக்கு ஒழுகுகிறதே, அப்புறம் எப்படி ஒற்றைத் தலைவலி ஆகும்?” என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அன்று விடை சொல்ல இயலவில்லை. முக்கிளை நரம்புதான் மூக்கின் உட்சவ்வுக்கும் போகிறது, மூளை உறைக்கும் போகிறது. ஒற்றைத் தலைவலி கிளம்பினாலே அனிச்சையாக மூக்கு அடைக்கும், கண்ணீர் வழியும். ஆகவே ஒழுகும் மூக்கு அவர் கட்சிக்குச் சான்றாகாது.

மறுபக்கம், ஒவ்வாமைக்கும் தலைவலிக்கும் ஒட்டுறவே இல்லை என்னும் தலைவலி நிபுணர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் பாடத்திட்டத்தில் யாரும் திருப்பிப் பார்க்காத 1977ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. அலோவேயும் லெவி-மொன்டால்சினியும் எழுதியது. பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைச் செலுத்தினால் திசுக்களில் மாஸ்ட் செல்கள் பெருகுகின்றன என்று அதில் காட்டினார்கள். அந்த மாஸ்ட் செல்களே அதே காரணியை உண்டாக்கி வெளியிடுகின்றன என்பது 1994இல் தெரியவந்தது. வலி நரம்பைக் கூர்மையாக்குவதும் அதே காரணிதான். 2007இல் லெவி குழுவினர், மாஸ்ட் செல்கள் வெடிப்பது எலிகளின் மூளை உறை வலிப்பாதையைத் தூண்டுவதைக் கண்டார்கள். எலியை வைத்து மனிதருக்கு முடிவு கட்டக் கூடாது என்பீர்கள், ஒப்புகிறேன். ஆனால் ஆராயாமலே ஒதுக்குவதை ஒப்ப மாட்டேன்.

என் உண்மையான கவலை மருந்துக்கடையில் இருக்கிறது. பருவம் முழுக்க ‘சைனஸ்’ என்று நம்பி ஒருவர் கலவை வலி மாத்திரை விழுங்குகிறார். மாதத்துக்கு 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டிப் போனால், சர்வதேச வகைப்பாட்டின்படி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலை வந்துவிடுகிறது. மகரந்தம் அடங்கிவிடும், வலி அடங்காது. பருவ நோயாளி நாள்பட்ட நோயாளி ஆவது இங்கேதான். இதற்கு எந்த மகரந்தத்தின் மீதும் பழி போட முடியாது, நம் சீட்டின் மீதுதான் போட வேண்டும்.

நம் துறைகள் பேசிக்கொள்ளாததால் வேறு தீங்கும் நேர்கிறது. வலி மருத்துவர் தரும் அமிட்ரிப்டிலின் ஹிஸ்டமினையும் தடுக்கும். அதை முன்கூட்டியே நிறுத்தாமல் தோல் குத்துச் சோதனை செய்தால், ஒவ்வாமை உள்ளவருக்கும் ‘இல்லை’ என்று வரக்கூடும். நிறுத்துவதா வேண்டாமா என்று எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் முடிவு செய்யவும் கூடாது.

ஒற்றைத் தலைவலியை இனங்காண லிப்டன் குழுவினர் 2003இல் வகுத்த மூன்று கேள்விகள் உங்களுக்குத் தெரியும்: குமட்டுகிறதா, வெளிச்சம் தாங்கவில்லையா, அன்றாட வேலை கெடுகிறதா. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்று பிற்பகல் படிக்கப்படும் கட்டுரைகளில் பல ‘சைனஸ் தலைவலி’ நோயாளிகளைக் கணக்கிட்டிருக்கின்றன. அவர்களிடம் இம்மூன்றும் கேட்கப்பட்டனவா என்பதைக் கட்டுரையாளர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டுகிறேன். சொல்லாதவரிடம் அவைத்தலைவர் என்ற முறையில் நானே கேட்பேன்.