தூக்கத்திற்குத் தரப்படும் மனச்சோர்வு மருந்து



மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடொன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். நேரம் இரவு பதினொரு மணி. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உறக்கம் வராது புரண்டு புரண்டு படுக்கின்றார். அடுத்த வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "மாமி, இது எனக்கு டொக்டர் தந்த தூக்கக் குளிசை. ஒன்று போட்டுப் பாருங்க, விடியும்வரை நல்லாத் தூங்குவீங்க" என்று கொடுத்துச் செல்கின்றார். மூதாட்டியும் நன்றாகத்தான் உறங்குகின்றார். ஆனால் சுபஹுத் தொழுகைக்கு எழுந்து இரண்டடி வைப்பதற்குள் தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்கின்றார். இது நான் கற்பனை செய்து கூறும் காட்சியே. எனினும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அன்பினால் செய்த உதவி ஏன் இவ்வாறு முடிந்தது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அந்தக் குளிசை தூக்கத்திற்கென்றே ஆக்கப்பட்டதன்று. அதன் பெயர் அமிற்றிப்ரிலின். மனச்சோர்வு என்னும் நோயைத் தணிப்பதற்காக அது வழக்கிற்கு வந்தது. 1957ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து மனநோய் மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வை நீக்குவதை எடுத்துக்காட்டினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிற்றிப்ரிலின் 1961இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. விலை குறைந்தது, பயனும் உடையது. மனச்சோர்வுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கொடுப்பர். நீரிழிவினால் உண்டாகும் நரம்பு வலிக்கும் உறக்கமின்மைக்கும் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவர். ட்ரசொடோன், மிர்ட்டசபின் என்பனவும் இவ்வாறே உறக்கத்திற்காகத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகளாகும்.

இம்மருந்து உறக்கத்தைத் தருவது எவ்வாறு? மூளையை விழிப்போடு வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் வேலையை அது தடுக்கின்றது. தடிமனுக்கு பிரிட்டன் குளிசை உட்கொண்டவருக்குக் கண் சொருகுவதும் இதே காரணத்தினால்தான். ஆனால் அமிற்றிப்ரிலின் அதனோடு நின்றுவிடுவதில்லை. அசற்றைல்கோலின் என்ற பொருளையும் தடுப்பதால் வாய் வறள்கின்றது, மலம் இறுகுகின்றது, பார்வை மங்குகின்றது. புரொஸ்டேட் சுரப்பி பருத்த முதியவருக்குச் சிறுநீர் அடைபடவும் கூடும். கண்ணழுத்த நோயின் ஒரு வகை திடீரெனக் கடுமையாகவும் கூடும். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால், படுத்திருந்தவர் சட்டென எழும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிடுகின்றது. மாமி விழுந்தது இதனாலேதான். மேலும், மருந்தின் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே பத்து மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆதலால் இரவு உண்ட குளிசையின் மயக்கம் காலையில் முச்சக்கர வண்டி ஓட்டுபவரின் கையிலும் கண்ணிலும் எஞ்சி நிற்கலாம்.

மிர்ட்டசபின் பசியையும் உடற்பருமனையும் கூட்டக்கூடும். ட்ரசொடோன் அரிதாக ஆண்களுக்கு வலியோடு நீடிக்கும் உறுப்பு விறைப்பை உண்டாக்கும். அவ்வாறு நேர்ந்தால் நாணி மறைக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

அப்படியாயின் வைத்தியர் இதனைத் தருவது தவறா? அன்று. மனச்சோர்வோ நரம்பு வலியோ உறக்கத்தைக் கெடுக்குமிடத்து, நோய்க்கும் உறக்கத்திற்கும் ஒரே குளிசை உதவுவது நன்மையே. ஆனால் வேறு நோயின்றி உறக்கமின்மை மட்டும் இருப்பவருக்கு நிலைமை வேறு. 2018இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உறக்கமின்மைக்கு அமிற்றிப்ரிலின் பரவலாக வழங்கப்பட்டபோதிலும், அதற்கு ஆதாரமாகத் தக்க பரிசோதனைகள் கிடைக்கவில்லை என்று கூறியது. 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற் சிகிச்சையாக எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் பயிற்சியையே பரிந்துரைத்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வந்தபின்பே படுக்கைக்குச் செல்லல், படுத்தும் உறக்கம் வராவிடின் எழுந்து அமைதியாக அமர்ந்திருத்தல் என்பன அப்பயிற்சியின் கூறுகள். மாலைக்குப் பின் பிளேன்ரீயைக் குறைப்பதும், கைத்தொலைபேசியைப் படுக்கைக்கு அப்பால் வைப்பதும் துணைசெய்யும்.

குளிசை தரப்பட்டவர்கள் சில விதிகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். இருதய நோய், வலிப்பு, கண்ணழுத்தம், சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகியன இருப்பின் முன்னரே வைத்தியரிடம் கூறுங்கள். மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவோர், தமது மருந்துத் துண்டுகள் அனைத்தையும் காட்டுங்கள். மதுவோடும், ட்ரமடோல் போன்ற வலி மருந்தோடும், பிரிட்டனோடும் தாமாகவே சேர்த்துக்கொள்ளலாகாது. பல வாரம் உட்கொண்டதை ஒரேநாளில் நிறுத்தாது, வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறையுங்கள். நோன்பு மாதத்தில், தராவீஹ் முடிந்து நள்ளிரவில் குளிசை உண்டால் சஹர் வேளையில் மயக்கம் தெளிந்திராது. பகலில் நீரருந்தாத உடலுக்குத் தலைசுற்றலும் கூடும். ஆகையால் நோன்பு தொடங்குமுன்னரே வைத்தியரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. அமிற்றிப்ரிலின் அளவு மீறினால் இருதயத்தின் துடிப்பொழுங்கையே குலைத்து உயிருக்கு உலைவைக்கும். சிறுவர்க்குச் சில குளிசைகளே ஆபத்தாகலாம். எனவே பூட்டிய பெட்டியில் வையுங்கள். மனம் நொந்தவர் உள்ள வீட்டில் குளிசைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். சில நாட்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். எவரேனும் மிகையாக உண்டுவிட்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாதீர்கள். அவர் தெளிவாகத் தோன்றினாலும் காத்திராமல் 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வேளையோடு வைத்தியசாலையை அடைந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. இருபத்தைந்து வயதிற்குட்பட்டோரில், மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் மனக்கலக்கம் கூடுகின்றதா என்று வீட்டார் கவனித்தல் வேண்டும்.

"மனநோய் மருந்தையா எனக்குத் தந்தார்கள்?" என்று வெட்கி, குளிசையை மறைப்போரும் எறிவோரும் உளர். அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கிய பழக்கம் நம்முடையது. அந்த ஏளனமே பலரை வைத்தியரிடம் போகாது தடுத்து, அயல்வீட்டுக் குளிசையை நாடவைக்கின்றது. மனச்சோர்வு உடல்நோய்களைப் போன்றதொரு நோயே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை.

அடுத்த வீட்டு மாமிக்கு உறக்கம் வரவில்லையெனில், குளிசையைக் கொண்டுசெல்லாதீர்கள். சிறிது நேரம் அவரோடு அமர்ந்து பேசுங்கள். மறுநாள் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அதுவே மெய்யான உதவி.