ஓடும் எண், நிற்கும் எண்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் வேலை பார்ப்பவர்களுக்கு எக்செல் தாளும் ஒரு கருவிதான். அதில் வரிசை எண் போடுவது அற்ப வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேகம் எளிதில் கைவரும். முதல் இரண்டு கட்டங்களில் 1, 2 என்று அடித்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையிலுள்ள சின்னச் சதுரத்தை டபுள் கிளிக் செய்யுங்கள். பக்கத்துப் பத்தியில் விவரம் இருக்கும் வரை எண் தானாக இறங்கும். பக்கத்தில் விவரமே இல்லையென்றால் ஃபில் சீரிஸ் பெட்டியில் முடிவு எண்ணைக் கொடுத்தால் போதும். ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. மவுஸைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவது வீண் பாடு.

எந்த எண்ணை ஓடவிடலாம் என்று தெரிவதில்தான் திறமை இருக்கிறது. 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கைபேசி இந்த வட்டாரத்துச் சரக்கு. அதன் ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 இலக்கம். முதல் எட்டு மாடலைக் காட்டும். அடுத்த ஆறு, அந்த மாடலுக்குள் வரிசை எண். கடைசி இலக்கம் முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டு வருவது, சரிபார்ப்புக்காக. பதினைந்தையும் ஒரே எண்ணாக அடித்து இழுத்தால், பத்துக்கு ஒன்பது செல்லாத எண்ணாகவே வரும். நடுவிலுள்ள ஆறு இலக்கத்தைத் தனிப் பத்தியில் ஓட்டி, சரிபார்ப்பு இலக்கத்தைத் தனியே கணக்கிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். இன்னொன்று: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் வரும் பூஜ்யங்களும் போய்விடும். நீண்ட எண்ணென்றால் கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுவது நல்லது.

எண்ணை அடிக்காமல், வரியின் இடத்தைப் பார்த்து எண் தரும் 'ரோ' (ROW) சூத்திரமும் உண்டு; அது அழகானது. நடுவில் ஒரு வரியை நீக்கினாலும் எண் தானே சரியாகிவிடும். பட்டியலை எண்ணுவதற்கு அதுவே போதும். ஆனால் உதிரிபாகத்தில் ஒட்டும் எண்ணுக்கு அது ஆகாது. தேதிப்படி ஒருமுறை வரிசை மாற்றினால், பழுதான பாகத்தின் எண் நல்ல பாகத்துக்குப் போய்விடும். பிறகு எதைத் திரும்பப் பெறுவது?

ஆகவே நண்பர்களே, லேபிள் அச்சுக்குப் போகும் முன் எண் உள்ள பத்தியை நகலெடுத்து, அதே இடத்தில் 'வேல்யூஸ்' என்று ஒட்டி எண்ணை நிலைப்படுத்திவிடுங்கள்.