திரையில் மறையும் மெய்ப்புள்ளி



1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளேடு 2019ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. அத்தகைய பழைய ஏடுகளை நம் மாணவர் இனித் தாளாகப் புரட்டுவது அரிது. வருடியால் எடுத்த படக்கோப்புகளாகவே காண்பர். ஆதலின், கணினி ஒரு படக்கோப்பை எவ்வாறு ஏற்றித் திரையில் காட்டுகிறது என அறிவது மொழி பயில்வோர்க்கும் தேவையாகிறது.

வட்டில் இருக்கும் ஜேபெக் கோப்பு சுருக்கி மடித்த துணி போன்றது. மென்பொருள் அதனைப் படித்து, விரித்து, நினைவகத்தில் வைத்த பின்னரே திரைக்கு அனுப்புகிறது. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 படப்புள்ளி வீதம் வருடினால், அகலத்தில் 2480, உயரத்தில் 3508 படப்புள்ளிகள் அமையும். வண்ணப்படமாயின் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ஆக விரிந்த பக்கம் ஏறத்தாழ 26 மெகாபைட்டு இடங்கொள்ளும். நூறு பக்கங்களை ஒருசேர ஏற்றினால் 2,600 மெகாபைட்டு! எனவே, காணும் பக்கத்தையும் அதன் அண்டைப் பக்கங்களையும் மட்டும் ஏற்றுவதே நல்ல மென்பொருளின் இயல்பு.

நமக்குரிய சிக்கல் அடுத்த படியில் உள்ளது. 1080 படப்புள்ளி உயரமுள்ள திரையில் முழுப் பக்கமும் தெரிய வேண்டுமாயின், படத்தை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே சுருக்க வேண்டும். சில மென்பொருள்கள் விரைவு கருதி, மூன்றுக்கு ஒன்றாகப் படப்புள்ளிகளைப் பொறுக்கி ஏனையவற்றைத் தள்ளிவிடும். தேய்ந்த அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு படப்புள்ளி அகலமே இருப்பின், அது இடையில் விழுந்து முற்றும் மறையக்கூடும். ‘பல்’ என்றிருந்தது ‘பல’ என்றாகும். அண்டைப் படப்புள்ளிகளின் சராசரியைக் கணக்கிடும் முறையில் புள்ளி மங்கினும் தடம் எஞ்சும்.

மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர்; பதிப்பாசிரியர்கள் பொருள் நோக்கி அதனை மீட்டனர். இன்று ஓர் அச்சுப் பக்கத்தில் புள்ளி காணாதபோது, அச்சுக்கோத்தவர் விட்டதா, கணினி விழுங்கியதா என வினவ வேண்டியுள்ளது. அதனை அறியாது பழைய ஏட்டின் ஒற்று வழக்கைப் பற்றி முடிவு கூறின், ஆய்வே பிழைபடும்.

சேமிப்பிலும் கருத்து வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பகுத்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிடுகிறது; மிகுதியாகச் சுருக்கினால் எழுத்தின் விளிம்பும் புள்ளியும் கலங்கும். பிஎன்ஜி முறை எதனையும் இழப்பதில்லை.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இரண்டைப் பழக்குக: மூலப்படியை இழப்பில்லா வடிவில் காத்தல், மேற்கோள் எடுக்குமுன் பக்கத்தை 100 விழுக்காட்டு அளவிற்குப் பெரிதாக்கிப் படித்தல். வகுப்பறையில் ஒரே பக்கத்தை இரு அளவிலும் காட்டி, மறைந்த புள்ளிகளை எண்ணச் செய்யுங்கள்.