அச்சும் மண்ணும்

பிரெஞ்சுச் சாயலைக் காண வட அமெரிக்காவின் கியூபெக் நகருக்குச் செல்வோர் பலர். விருத்தாசலத்தார்க்கு அச்சாயல் அண்மையில், புதுச்சேரியிலேயே உண்டு. அங்குச் செல்வோர் பலரும் கடற்கரையையொட்டிய பிரெஞ்சு வீதிகளைக் கண்டு மீள்வர். கால்வாயைக் கடந்தால் தமிழர் பகுதி. 1736 முதல் 1761 வரை அந்நகர வாழ்வைத் தமிழில் நாட்குறிப்பாக்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் இல்லமும் அங்குள்ளன. 1908இல் ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பி வந்த பாரதிக்குப் பத்தாண்டுகள் புகலளித்ததும் புதுவையே. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது, தமிழ் நின்றது.

பீங்கான் பொம்மைக்கு உருவம் அச்சினால் வரும். உறுதி மண்ணாலும் சூளையாலும் வரும் என்பதை இவ்வூரார் நன்கறிவர். அச்சை மட்டும் வியந்து திரும்பினால் புதுவையில் பாதியே கண்டவராவோம். கவிஞர்கள் கால்வாயைக் கடந்து செல்க.