புள்ளி வைத்தால் போதுமா?



அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஹன்டிங்டன் என்று ஓர் ஊர். ஐம்பதாயிரம் பேர் இருந்தால் அதிகம். 2016 ஆகஸ்ட் 15 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே 911-க்கு அழைப்புக்கு மேல் அழைப்பு வந்தது. நமக்கு 108 போல அவர்களுக்கு 911. எல்லா அழைப்பிலும் ஒரே சமாசாரம்தான்: போதை மருந்து எடுத்துக்கொண்ட ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார். பிறகு சுகாதாரத் துறை கணக்கெடுத்தபோது, 53 மணி நேரத்தில் 20 பேர் இப்படி விழுந்திருந்தார்கள். பரிசோதனையில் கார்ஃபென்டனில் தென்பட்டது. யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்குவதற்கான மருந்து அது.

இருபதில் 16 பேருக்கு நலாக்சோன் கொடுத்தார்கள். ஓபியாய்டு என்னும் அபின் வகை மருந்து அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். நலாக்சோன் அதை இருக்கும் இடத்திலிருந்து கிளப்பிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். நீலம் பாரித்த உதடு சிவக்கும், ஆள் திணறிக்கொண்டு கண் விழிப்பார். ஆனால் அதன் தாக்கம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். சரக்கு வீரியமானதாக இருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்த 16 பேரில் ஆறு பேருக்கு அப்படித்தான் ஆயிற்று.

இதைப் பற்றி வந்த அரசு அறிக்கையைப் பார்த்து எல்லோரும் கார்ஃபென்டனிலைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறொரு தகவல். அந்த இருபது பேரில் ஒருவரைக்கூட மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வழிகாட்டி அனுப்பவில்லை. உயிர் கொடுத்து, வந்த வழியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிலைமை ஒரு நாளில் வந்ததல்ல. 1996-இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. பழக்கமாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம் என்று அதைத் தயாரித்தவர்கள் டாக்டர்களை நம்பவைத்தார்கள். அதே மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று சுமார் நானூறு பேர் வாழும் ஒரு சிற்றூர். இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த ஒரு மருந்துக் கடைக்கு 90 லட்சம் வலி மாத்திரைகள் போய் இறங்கின. மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் ஹெராயின் வந்தது, அதன் பின்னால் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு. 2021-இல் மட்டும் ஓபியாய்டால் இறந்த அமெரிக்கர்கள் எண்பதாயிரத்துக்கு மேல்.

யார் எங்கே விழுகிறார்கள் என்பதை உடனுக்குடன் அறிய இங்கேதான் வரைபட மென்பொருள் வருகிறது. இறந்தவரின் இரத்தத்தைச் சோதித்து, சான்றிதழ் எழுதி, அது தலைநகரத்துக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகிவிடும். அதற்குள் அந்தச் சரக்கு நாலு ஊர் தாண்டியிருக்கும். அதனால் வாஷிங்டன், பால்டிமோர் வட்டாரத்துப் போதைத் தடுப்பு அமைப்பு ஒன்று 2017 ஜனவரியில் ஓடிமேப் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆம்புலன்ஸ்காரரோ போலீஸ்காரரோ சம்பவ இடத்தில் நின்றுகொண்டே பதிவு செய்யலாம். உயிர் போயிற்றா இருக்கிறதா, நலாக்சோன் கொடுத்தார்களா இல்லையா, எந்த இடம். அவ்வளவுதான், பெயர் தேவையில்லை. உடனே வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். ஒரு வட்டாரத்தில் 24 மணி நேரத்துக்குள் வழக்கத்தைவிட அதிகமான புள்ளிகள் விழுந்தால் எச்சரிக்கை போகும். அக்கம்பக்கத்து ஊர்களும் உஷாராகி, ஆஸ்பத்திரியில் நலாக்சோனை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பெரிய நகரத்தில் புள்ளி நிறைய இருப்பது ஜனம் நிறைய இருப்பதால் மட்டுமே இருக்கலாம். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் யார் கண்ணிலும் படாத மலையோரக் கவுன்டி (நம் மாவட்டம் போல) முன்னால் வந்து நிற்கும். 911-ஐக் கூப்பிடப் பயந்த வீட்டில் புள்ளியே விழாது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஏற்பாடு செய்தது போதைத் தடுப்பு அமைப்பு, பார்ப்பவர்களில் போலீஸும் உண்டு. கூப்பிட்டவர் மேல் வழக்கு வராமல் காக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருந்தும், போன் எடுக்கும் கை தயங்கத்தான் செய்கிறது. சின்ன ஊரில் ஒரு புள்ளி என்றால் அது யார் வீடு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு கவுன்டியில் பத்துக்குக் குறைவான சாவு என்றால் எண்ணிக்கையை மறைத்தே மத்திய நோய்த்தடுப்பு மையம் வெளியிடுகிறது.

வரைபடம் இன்னொன்றையும் அப்பட்டமாகக் காட்டும்: சிகிச்சை எவ்வளவு தூரம் என்பதை. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மெத்தடோன் மருந்தை அமெரிக்காவில் சாதாரண மருந்துக் கடையில் வாங்க முடியாது. அனுமதி பெற்ற மையத்துக்கே போக வேண்டும், தொடக்கத்தில் அநேகமாக தினமும். பஸ் இல்லாத மலைப்பாதையில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? இவ்வளவு சாவு விழுந்த மேற்கு வர்ஜீனியாவோ 2007-இல் புதிய மெத்தடோன் மையங்களே கூடாது என்று தடை போட்டது. எந்த மென்பொருளால் அந்த இடைவெளியை நிரப்ப முடியும்?

ஹன்டிங்டனுக்குத் திரும்புவோம். 2017 டிசம்பரில் அந்த ஊர் ஒரு விரைவுக் குழுவை அமைத்தது. ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், சிகிச்சை ஆலோசகர், சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர், சில சமயம் ஒரு பாதிரியார். உயிர் பிழைத்தவரின் வீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் போய்க் கதவைத் தட்டுவார்கள். கைது செய்ய அல்ல. சிகிச்சைக்கு வருகிறீர்களா என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் நலாக்சோனைக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வருவார்கள். மறு ஆண்டே ஹன்டிங்டன் இருக்கும் கவுன்டியில் போதை அவசர அழைப்புகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. முழுப் பெருமையும் குழுவுக்கே என்று சொல்ல மாட்டேன், வேறு முயற்சிகளும் நடந்தன. ஆனால் 2016-இல் யாருமே போகாத வாசலுக்கு இப்போது ஆட்கள் போகிறார்கள்.

ஓடிமேப் அரசு அமைப்புகளுக்கு இலவசம். கதவைத் தட்டும் ஆலோசகருக்கு மாதா மாதம் சம்பளம் தர வேண்டும். எந்த நகர சபையும் பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது அந்தச் சம்பளத்தைத்தான்.