காலமும் குறியும்



ஆங்கிலத்திலே காலங்கள் 12 என்று கூறி, அவற்றை அட்டவணையாக எழுதி மனனஞ் செய்விப்பது நம் பாடசாலைகளில் நெடுங்கால வழக்கம். அவ்வட்டவணையைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், "நேற்று மாமா வந்தார்" என்பதை ஆங்கிலத்திற் சொல்லுமாறு கேட்டால் திகைத்து நிற்கின்றான். குறை அவன் அறிவிலன்று. அவன் முன்னமே அறிந்த தாய்மொழியைத் துணைக்கொள்ளாது கற்பிக்கும் முறையிலேயே உளது.

தமிழிற் காலம் மூன்று. ஆயினும், "மாமா வந்தார்" என்பதும் "மாமா வந்திருக்கிறார்" என்பதும் ஒன்றல்ல என்பதைச் சிறு குழந்தையும் அறியும். முன்னது நடந்து முடிந்த செய்தி. பின்னது, மாமா இப்பொழுது வீட்டில் இருக்கிறார் என்பதையுஞ் சேர்த்துணர்த்துவது. 'கேம்', 'ஹாஸ் கம்' என்னும் இரண்டிற்குமுள்ள வேறுபாடும் பெரும்பாலும் இதுவே. இங்ஙனந் தொடங்கினாற் பாதி வழி கடந்தாயிற்று.

எஞ்சிய வழியில் ஈரிடங்களிற் கவனம் வேண்டும். முற்றத்திற் காலடி கண்டு, "நேற்று யாரோ வந்திருக்கிறார்கள்" என்று நாம் ஊகித்துச் சொல்வதுண்டு. ஆங்கிலத்திலோ 'யெஸ்டர்டே' என நாளைக் குறித்தபின் 'ஹாஸ் கம்' பொருந்தாது. 'கேம்' என்றே வரல் வேண்டும். மற்றையது, "10 ஆண்டுகளாக வவுனியாவில் வசிக்கிறேன்" என்பது போன்ற வாக்கியம். நாம் நிகழ்காலத்தால் முடிக்கின்றோம். அதனை அவ்வாறே 'ஐ ஆம் லிவிங்' என்று பெயர்த்தல் பிழை. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதை 'ஐ ஹாவ் பீன் லிவிங்' என்பதே ஆங்கில மரபு.

இனி, குறியீடுகளை நோக்குவோம். நம் ஏட்டுச் சுவடிகளில் இன்றுள்ள குறியீடுகள் இல்லை. அச்சுப் பரவிய 19ஆம் நூற்றாண்டிலே, நல்லூர் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் இவற்றை ஒழுங்காகக் கையாண்டு நமக்குப் பழக்கினார். முன்னர் குறியின்றியும் பொருள் விளங்கியமைக்குக் காரணம் உண்டு. தமிழில் வினைமுற்றுப் பெரும்பாலும் இறுதியில் நின்று வாக்கியத்தை மூடிவிடுகின்றது. "என்று" என்னுஞ் சொல், பிறர் கூற்று முடியுமிடத்தைக் காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தில் வினை நடுவே நிற்பது. "என்று" போல் கூற்றை முடித்துக் காட்டுஞ் சொல்லும் அங்கில்லை. ஆதலால், முற்றுப்புள்ளியும் மேற்கோட்குறியும் அப்பணியைச் செய்கின்றன. 'இட் ரெயின்ட்', 'வீ ஸ்டேட் அட் ஹோம்' என்னும் இரு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றினாலே தொடுத்தல் ஆகாது. இடையில் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடுக. அன்றேல், 'ஸோ' போன்ற இணைப்புச் சொல்லைச் சேர்க்க.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கொப்பியைச் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். வாரத்திற்கு ஒரு பிழையை எடுத்து, அது தமிழின் எவ்வழக்கிலிருந்து பிறந்தது என விளக்குங்கள். பிழைக்கு அஞ்சி வகுப்பில் வாய்மூடியிருக்கும் பிள்ளை, நாளை நேர்முகப் பரீட்சையிலே விடை தெரிந்தும் வாய்மூடியிருப்பான். அச்சம் நீங்கினாற் பேச்சு வரும். பேச்சு வந்தபின் திருத்துதல் எளிது.