தொழில்தகுதிச் சான்றும் அதன் சரிபார்ப்பும்

குழாய்ப் பணியாளர் ஒருவர் இணைப்பைப் போட்டு, தண்ணீரைத் திறந்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். வேலை முடிந்ததும் மிஞ்சுவது, அருகில் நின்று பார்த்த மதிப்பீட்டாளரின் குறிப்பு மட்டுமே. எழுத்துத் தேர்வு என்றால் விடைத்தாளை இன்னொருவர் மறுபடி திருத்தலாம். செய்து முடித்த வேலையை அப்படித் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை. மதிப்பீட்டின் தர உறுதிப்பாடு தனித் துறையாக வளர்ந்ததற்கு இதுவே காரணம். அது வளர்ந்த விதத்தையும் இடறிய இடங்களையும் பிரிட்டனின் தேசியத் தொழில்தகுதித் திட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

1878இல் தோன்றிய ‘சிட்டி அண்டு கில்ட்ஸ்’ போன்ற அமைப்புகள் பாடத்திட்டமும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் வழங்கிவந்தன. 1986இல் அமைக்கப்பட்ட தேசியத் தொழில்தகுதிக் குழு அளவுகோலையே மாற்றியது. எங்கே பயின்றார், எத்தனை ஆண்டு பயின்றார் என்பது இனிக் கேள்வியில்லை. குறித்த வேலையைக் குறித்த தரத்தில் செய்கிறாரா என்பதே கேள்வி. மதிப்பெண் கிடையாது, ‘தகுதி பெற்றார்’ அல்லது ‘இன்னும் பெறவில்லை’ என்ற இரண்டே முடிவுகள். தேர்வுக்கூடத்தின் இடத்தைப் பணியிடம் பிடித்தது. பல இடங்களில் மேற்பார்வையாளரே மதிப்பீட்டாளரும் ஆனார். தன்கீழ் வேலை செய்பவருக்குத் தானே தீர்ப்பு வழங்குவது எளிதல்ல.

தீர்ப்புக்கு அடிப்படை சான்றுக்கோப்பு. அதிலுள்ள ஒவ்வொரு சான்றிடமும் நான்கு கேள்விகள் கேட்கப்படும்: கேட்ட திறனைத்தான் காட்டுகிறதா, அந்த நபருடையதுதானா, அண்மைக்காலத்ததா, போதுமானதா. இவற்றுள் இரண்டாவதே அதிகம் தொல்லை தருவது. சமையற்கூடத்தில் எடுத்த ஒளிப்படம் உணவு வெந்திருப்பதைக் காட்டும். வேகவைத்தவர் யார் என்று காட்டாது. ஐந்து பேரின் கோப்புகளில் ஒரே வாசகத்தில் சாட்சிக் கடிதம் இருந்தால், ஐந்தையுமே மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

அப்படிப் பார்ப்பவர் உள்ளகச் சரிபார்ப்பாளர். தொடக்க காலத்தில் இவருக்கென ‘டி34’ என்ற தகுதி அலகே இருந்தது. எல்லாக் கோப்புகளையும் இவர் புரட்டுவதில்லை, மாதிரி எடுப்பார். அந்த மாதிரி, எண்ணிக்கைக் கணக்கில் எடுப்பதைவிட, ஐயம் எழக்கூடிய இடம் பார்த்து எடுக்கப்பட வேண்டும். புதிய மதிப்பீட்டாளரின் வேலை, புதிய பணியிடம், பலர் தடுமாறும் அலகு, வழக்கத்துக்கு மாறாக விரைவில் முடிந்த கோப்பு ஆகியவற்றுக்கு முதலிடம். அனுபவம் வாய்ந்தவரின் தீர்ப்பிலும் சிலவற்றைத் தொட்டாக வேண்டும். பழக்கம் முற்றினால் கண் சோர்வது எல்லாத் தொழிலுக்கும் உரியது. தகுதி பெறாத மதிப்பீட்டாளரின் முடிவுகளில் தகுதி பெற்ற ஒருவரின் எதிர்க்கையொப்பமும் தேவை. சரிபார்ப்பு எப்போது நடக்கிறது என்பது இன்னும் முக்கியம். கோப்பு மூடியபின் கண்ட குறை பயிலுநரின் தலையில் விழும்; பாதிவழியில் கண்டால் மதிப்பீட்டாளரே திருத்திக்கொள்வார். மதிப்பீட்டாளர்கள் கூடி ஒரே சான்றைத் தனித்தனியே மதிப்பிட்டு முடிவுகளை ஒப்பிடும் கூட்டங்களும் இந்தப் பணியில் அடங்கும்.

சான்றளிக்கும் அமைப்பு அனுப்பும் வெளிச் சரிபார்ப்பாளர், இந்த ஏற்பாடு நடக்கிறதா என்று பார்ப்பவர். நம்பிக்கை பெற்ற மதிப்பீட்டு மையம் அவர் வருகைக்குக் காத்திராமல் நேரடியாகச் சான்றிதழ் கோரலாம். நம்பிக்கை குலைந்தால் அந்த உரிமை பறிபோகும். நிலைமை மோசமானால் புதிய பதிவுகளும் நிறுத்தப்படும்.

காகிதத்தில் கச்சிதமான இந்த அமைப்பு நடைமுறையில் இரண்டு இடங்களில் இடறியது. ஒன்று பணம். தேறியவரின் எண்ணிக்கையோடு பயிற்சி நிதி பிணைக்கப்பட்டபோது, ‘இன்னும் பெறவில்லை’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் மையத்துக்கு இழப்பு. இன்னொன்று மொழி. தரவரையறையை மேலும் மேலும் நுணுக்கி எழுதினால் ஐயம் தீரும் என்று நம்பப்பட்டது. எவ்வளவு நுணுக்கினாலும் தீர்ப்பவரின் சொந்த அறிவுக்கு வேலை இருந்தே தீரும் என்று கல்வி ஆய்வாளர் அலிசன் வூல்ஃப் 1990களிலேயே வாதிட்டார். அவர் சொன்னதே சரி. வரையறை நீண்டதில் பெருகியது காகிதம்தான். சரிபார்ப்பாளர்கள் வேலையைப் பார்ப்பதை விட்டுக் கையொப்பங்களை எண்ணத் தொடங்கினர்.

2012இல் வந்த தொழில்முனைவர் டக் ரிச்சர்டின் அறிக்கைக்குப் பின் இங்கிலாந்தின் தொழில்பழகுநர் திட்டம் வேறு வழி பிடித்தது. பயிற்சியின் முடிவில், பயிற்சி அளித்தவர் அல்லாத தனி அமைப்பு மதிப்பிடும் முறை வந்தது. இது நலன்முரணைக் குறைக்கிறது. ஆனால் ஒரே நாளில் காட்டும் திறனும் ஆண்டு முழுதும் காட்டும் திறனும் ஒன்றல்ல என்ற பழைய சிக்கல் திரும்பவும் தலைதூக்குகிறது.

இலங்கையிலும் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமை முறை உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதற்குப் பொறுப்பு. நிறுவனப் பயிற்சி பெறாமல் வேலையிலேயே கற்றவருக்கும் முன்கற்றலை ஏற்றுச் சான்றிதழ் தரும் வழி அதில் இருக்கிறது. இருபது ஆண்டு வீடு கட்டிய மேசனிடம் கட்டிய சுவர்கள் இருக்கும், கோப்பு இருக்காது. அவரிடம் கேள்வி கேட்டு, கருவியைக் கையில் கொடுத்து, கண்ணெதிரே ஒரு வேலையைச் செய்யச் சொல்வதே அங்கே நம்பத்தக்க சான்று.